கணினி கேள்வி பதில்: தேங்காய் தெறிக்கும் வீடியோவை எதில் சுருக்குவது?

கேள்வி: பினாங்கு ஜார்ஜ் டவுன் தைப்பூச வெள்ளி ரதத்தையும், தண்ணீர்மலையில் அப்பா காவடி எடுத்ததையும் ஃபோனில் 4கே தரத்தில் எடுத்தேன். ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எக்ஸ்264 என்ற முறையைப் போட்டால் ஒரு வீடியோவுக்கே நான்கு மணி நேரம் ஆகிறது. என்வென்க் என்ற முறையைப் போட்டால் இருபது நிமிடம்தான். இரண்டிலும் தரம் 22 என்றே வைத்தேன், ஆனால் கோப்பு அளவு வேறு வேறாக வருகிறது. எல்லாம் ஒன்றுதான் என்கிறான் தம்பி. சரியா ஐயா?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஒருவர் உட்கார்ந்து பேசும் வீடியோ என்றால் தம்பி சொல்வது பெரும்பாலும் சரி. ரதத்துக்குச் சரிவராதம்மா.

வீடியோவின் ஒரு ஃபிரேமில், அதாவது ஒற்றைப் படத்தில், இருந்தது அடுத்ததில் எங்கே நகர்ந்தது என்று தேடி, மாறியதை மட்டும் எழுதிவைப்பதுதான் சுருக்கத்தின் அடிப்படை. ரதத்துக்கு முன்னால் தேங்காய்ச் சில்லும் தண்ணீரும் நாலாபக்கமும் தெறிக்கின்றன. கற்பூரப் புகை, மயிலிறகு, நிற்காமல் அசையும் கூட்டம் வேறு. எல்லாமே மாறிக்கொண்டிருக்கும்போது நன்றாகத் தேடுகிற முறைதான் ஜெயிக்கும்.

என்வென்க் என்பது 2012 முதல் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளில் வீடியோ சுருக்கவென்றே வரும் தனி மின்சுற்று. இதே போன்ற இன்டெலின் குயிக் சிங்க் 2011-லேயே வந்துவிட்டது. எப்படித் தேடுவது, எவ்வளவு தேடுவது என்பதற்கெல்லாம் சிப்பிலேயே எல்லை வகுத்திருப்பதால்தான் இந்த வேகம். கார்டில் கேம் ஓட்டும் பகுதி இந்த வேலையைச் செய்வதில்லை. அதனால் ஒரே தலைமுறையில் விலை கூடிய கார்டு வாங்கினாலும் பொதுவாகப் படத்தரம் கூடாது. கடைக்காரர் சொல்கிறார் என்று காசைக் கொட்டாதீர்கள். எக்ஸ்264 பிராசசரில் ஓடும் மென்பொருள். வரப்போகும் பல ஃபிரேம்களை முன்கூட்டியே பார்த்து, எங்கே குறைத்தால் கண்ணுக்குத் தெரியாதோ அங்கே குறைக்கும். அதற்குத்தான் அந்த நான்கு மணி நேரம்.

அப்புறம், அந்த 22 இரண்டுக்கும் பொதுவான அளவுகோல் அல்ல. கோப்பு அளவு சமமாக இருந்தால்தான் ஒப்பிட முடியும். தேங்காய் உடைக்கும் இடத்தில் முப்பது விநாடியை மட்டும் எடுத்து, இரண்டிலும் ஒரே பிட்ரேட் (விநாடிக்கு இவ்வளவு தரவு என்ற அளவு) கொடுத்துச் சுருக்குங்கள். டிவியில் போட்டு, புகை வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். எதில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும். 2018-க்குப் பிறகு வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டு என்றால் வித்தியாசம் நன்றாகவே குறைந்திருக்கும்.

வீட்டில் காலத்துக்கும் வைத்திருக்கும் வீடியோவுக்கு எக்ஸ்264-தான் என் தேர்வு. வேகம் 'ஸ்லோ', தரம் 20 என்று வைத்து இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். கோப்பு இன்னும் சிறிதாக வேண்டுமென்றால் அடுத்த தலைமுறை மென்பொருளான எக்ஸ்265, நேரம் மேலும் கூடும். ஈப்போ அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும், கோயிலிலிருந்து நேரலை செய்யவும் என்வென்க் தாராளமாகப் போதும்.

உங்கள் ஃபோன் பதிவு செய்ததும் ஹார்ட்வேர் முறையில்தான். கோப்புக்குத் தாராளமாக இடம் கொடுத்ததால் குறை தெரியவில்லை. எந்த முறையில் மறுபடி சுருக்கினாலும் கொஞ்சம் தரம் போகும், போனது திரும்பாது. ஆகவே ரத வீடியோக்களைச் சுருக்குங்கள். அப்பாவின் காவடியை மட்டும் மூலக் கோப்பாகவே வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போட்டு வையுங்கள்.