கெவ்லார் தந்த ஸ்டெஃபனி குவோலெக்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பாலிமர் (சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பெரிய மூலக்கூறு) இழைகளோடு வேலை செய்கிறவள் என்பதால் ஸ்டெஃபனி குவோலெக் பற்றிய கேள்விகள் என் பக்கம் வந்துவிட்டன. அவரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி அறிமுகம்: அமெரிக்க வேதியியலாளர், 1923-இல் பிறந்து 2014-இல் மறைந்தவர், டூபாண்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தில் நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். குண்டு துளைக்காத உடுப்புகளில் இருக்கும் கெவ்லார் இழைக்கு வழி திறந்தவர் இவர்தான்.

கேள்வி: கெவ்லார் தற்செயலாகக் கிடைத்தது என்றுதான் எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். உண்மையா அக்கா?

பாதிகூட உண்மை இல்லை. தற்செயல் என்றால் அதற்கு டெஃப்லானை, ஒட்டாத வாணலியில் பூசுகிற பொருளைச் சொல்லலாம். 1938 ஏப்ரலில் ராய் பிளங்கெட், குளிர்பதன ஆய்வுக்காக வைத்திருந்த சிலிண்டரைத் திறந்தார். வாயு வரவில்லை, ஆனால் எடை அப்படியே இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள். அந்தத் தூளை யாரும் தேடவில்லை.

குவோலெக் தேடித்தான் போனார். 1964-இல் பெட்ரோல் தட்டுப்பாடு வரலாம் என்ற பேச்சு இருந்தது. டயரில் எஃகுக் கம்பிக்குப் பதிலாக எடை குறைந்த, விறைப்பான இழை கிடைத்தால் வண்டியின் எரிபொருள் மிச்சமாகும் என்பது கணக்கு. மற்ற ஆராய்ச்சியாளர்கள் அவ்வளவாக ஆர்வம் காட்டாததால் வேலை இவரிடம் வந்தது. வளையாத, கோல் போன்ற மூலக்கூறுகளைச் செய்து பார்ப்போம் என்று அவர் இறங்கியதிலும் யோசனை இருந்தது.

எதிர்பாராதது ஒன்றே ஒன்றுதான்: கரைசலின் தோற்றம். நல்ல பாலிமர் கரைசல் தெளிவாகவும் பாகு மாதிரி கெட்டியாகவும் இருக்க வேண்டும். 1965-இல் அவருக்குக் கிடைத்ததோ தண்ணீராக ஓடியது, கலங்கலாக இருந்தது, கலக்கினால் முத்துப் பளபளப்புக் காட்டியது. பார்க்கிற யாருக்கும் கெட்டுப்போன சரக்கு என்றே தோன்றும். அவர் அதை வடிகட்டிப் பார்த்தார். கலங்கல் போகவில்லை. அப்படியானால் அது தூசியும் இல்லை, கரையாத துகளும் இல்லை.

இழை நூற்கும் கருவியைப் பார்த்துக்கொண்ட சார்லஸ் ஸ்மல்லன் இதை ஊற்ற மறுத்துவிட்டார். கரைசலை இழையாகப் பிழிந்து தரும் ஸ்பின்னரெட் தட்டின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்ற பயம். அவர் பயந்ததில் நியாயமும் உண்டு. அடைத்துக்கொண்ட ஸ்பின்னரெட்டைச் சுத்தம் செய்த யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். குவோலெக் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தார். வந்த இழை, நைலான் அறுந்துபோகும் இடத்தில் அறுபடவில்லை. சோதனைக் கூடம் கொடுத்த விறைப்பு அளவை அவரே நம்பவில்லை. மறுபடி மறுபடி மாதிரி அனுப்பி, அதே எண் திரும்பி வந்த பிறகுதான் மேலதிகாரிகளிடம் வாய் திறந்தார்.

கேள்வி: மருத்துவராக ஆசைப்பட்டவர் என்று கேள்விப்பட்டேன். டூபாண்டில் எப்படிச் சேர்ந்தார்?

பணத்துக்காகத்தான். பென்சில்வேனியாவில் உள்ள நியூ கென்சிங்டனில் பிறந்தவர், போலந்திலிருந்து குடியேறிய குடும்பம். பத்து வயதில் அப்பா இறந்துவிட்டார். 1946-இல் பிட்ஸ்பர்கில், இன்று கார்னெகி மெலன் பல்கலைக்கழகமாக இருக்கும் நிறுவனத்தின் மகளிர் கல்லூரியில் வேதியியல் பட்டம் வாங்கினார். மருத்துவம் படிக்கப் பணம் சேர்க்கும்வரை ஒரு வேலை என்ற எண்ணத்தில்தான் நேர்முகத் தேர்வுக்குப் போனார்.

தேர்வு நடத்தியவர் ஹேல் சார்ச். ஈரம் ஊடுருவாத செலோஃபேனைக் கண்டுபிடித்தவர். இரண்டு வாரத்தில் தகவல் சொல்கிறோம் என்றார். இன்னொரு நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, சீக்கிரம் சொன்னால் நல்லது என்றார் இவர். சார்ச் உடனே செயலரைக் கூப்பிட்டு, இவர் எதிரிலேயே பணி நியமனக் கடிதத்தைச் சொல்லி எழுத வைத்தார். 23 வயதுகூட நிரம்பாத பெண் அப்படிக் கேட்டது எனக்கு இன்றும் வியப்புத்தான். முதலில் பஃபலோ நகரில் வேலை, 1950-இல் வில்மிங்டன் ஆய்வகத்துக்கு மாற்றம். மருத்துவக் கல்லூரி ஆசை அப்படியே கரைந்துவிட்டது.

கேள்வி: 1946-க்கும் 1965-க்கும் நடுவே என்னதான் செய்தார்? அதைப் பற்றி யாருமே எழுதுவதில்லையே.

இதற்காகத்தான் காத்திருந்தேன். என்னைக் கேட்டால் கெவ்லாரின் கதையே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நைலான் மாதிரியான பாலிமரை 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, உருக்கிய நிலையில் செய்வது வழக்கம். பென்சீன் வளையங்கள் (ஆறு கார்பன் அணுக்களின் விறைப்பான வளையம்) நிறைந்த பாலிமரோ உருகுவதற்கு முன்னாலேயே சிதைந்துவிடும். ஆகவே அந்த வகையைச் செய்ய வேண்டுமானால் சூடில்லாமல் செய்யத் தெரிய வேண்டும். 1950-களில் குவோலெக்கும் பால் மார்கனும் மற்றவர்களும் பாடுபட்டது இதற்குத்தான். வேகமாக வினைபுரியும் அமிலக் குளோரைடுகளை எடுத்துக்கொண்டு, அறை வெப்பநிலையிலோ அதற்கும் கீழேயோ நீண்ட சங்கிலிகளைக் கட்டும் முறைகளை வளர்த்தார்கள். எந்தக் கரைப்பானில் எந்தப் பாலிமர் நிற்கும், எதில் பாதி வளர்ந்ததும் வீழ்படிவாகிவிடும் என்பதெல்லாம் இந்த ஆண்டுகளில் கைப்பழக்கமானது. 1965-இல் அந்தக் கலங்கல் கரைசலை அவர் தொட்டியில் கொட்டாததற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான். கெட்டுப்போன கரைசல்களை ஏராளமாகப் பார்த்தவருக்கு, இது அவற்றில் ஒன்று இல்லை என்று தெரிந்தது.

கேள்வி: பள்ளியில் பீக்கரிலிருந்து நைலான் கயிறு இழுத்துக் காட்டினார்கள். அதுவும் இவருடையதா?

ஆமாம். 1959-இல் மார்கனும் இவரும் சேர்ந்து வேதியியல் கல்வி இதழ் ஒன்றில் எழுதிய செய்முறை அது. நீரில் ஒரு டையமீன், நீரோடு கலக்காத கரைப்பானில் ஓர் அமிலக் குளோரைடு. இரண்டும் சந்திக்கும் எல்லையில் மெல்லிய படலம் உண்டாகும். இடுக்கியால் பிடித்துத் தூக்கினால் படலம் கயிறாக வந்துகொண்டே இருக்கும். எடுக்க எடுக்கக் கீழே புதிதாக உருவாகும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, புகைபோக்கி அலமாரியில் மட்டும் செய்யுங்கள். அமிலக் குளோரைடு கண்ணை எரிக்கும். கயிறைக் கழுவாமல் தொடவும் வேண்டாம்.

கேள்வி: நைலானும் பாலிஅமைடு, கெவ்லாரும் பாலிஅமைடு. அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

அமைடு என்ற பிணைப்பால் கோத்த சங்கிலிதான் பாலிஅமைடு, வித்தியாசம் அந்தப் பிணைப்புகளுக்கு நடுவே இருப்பதில். நைலான் சங்கிலியில் நெளியக்கூடிய கார்பன் தொடர்கள் உண்டு. கரைசலிலும் உருகிய நிலையிலும் அது சுருண்டு சிக்கிக் கிடக்கும். இழையாக்கிய பிறகு இழுத்து நீட்டினால்தான் ஓரளவு நேராகும். கெவ்லாரில் பென்சீன் வளையங்கள் எதிரெதிர் முனைகளில் இணைக்கப்பட்டிருப்பதால் சங்கிலி மடங்கவே மடங்காது.

இப்படிப்பட்ட கோல்களைக் கரைசலில் அதிகமாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்க இடம் போதாது. பெட்டியில் தீக்குச்சிகள் அடுக்கினாற்போல அவை ஒரே திசைக்குத் திரும்பிவிடும். இதுதான் திரவப் படிக நிலை. ஒளியைச் சிதறடிப்பதால் கலங்கலாகத் தெரியும். ஒன்றையொன்று உரசாமல் வழுக்கிப் போவதால் தண்ணீராக ஓடும். குவோலெக் கண்ட இரண்டு ‘கோளாறு’களுக்கும் காரணம் இந்த ஒழுங்குதான். அந்தக் கரைசல் நுண்துளை வழியே போகும்போது கோல்கள் இழையின் நீளவாக்கில் இன்னும் சீராகும். பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்துக்கொள்ளும். ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.44 கிராம்தான் அடர்த்தி, எஃகுக்கு 7.8-க்கும் மேல். சம எடைக்கு எஃகைப்போல ஐந்து மடங்கு வலிமை என்று சொல்வது இதனால்தான்.

வளையங்களை நேரெதிரில் இணைக்காமல் கொஞ்சம் கோணமாக இணைத்தால் நோமெக்ஸ். தீயணைப்பு வீரர்களின் உடுப்பில் இருப்பது அது. வெப்பத்தைத் தாங்கும், ஆனால் இந்த வலிமை வராது.

கேள்வி: மொத்தப் பெருமையும் ஒருவருக்கே கொடுப்பது சரியா?

சரியில்லை. குவோலெக் முதலில் நூற்றது பாலிபென்சமைடு, கடையில் கிடைக்கும் கெவ்லார் வேறொரு பாலிமர். அது பாரா-ஃபீனைலீன் டையமீனையும் டெரெஃப்தலாயில் குளோரைடையும் சேர்த்துச் செய்வது, மூலப்பொருள் மலிவு. அதைத் தொழிற்சாலை அளவில் நூற்கும் வழியைத் தந்தவர் ஹெர்பர்ட் பிளேட்ஸ். அடர் கந்தக அமிலத்தில் சுமார் 20 சதவீதம் பாலிமரைக் கரைத்து, சூடாக்கி, ஸ்பின்னரெட்டுக்கும் குளிர்ந்த நீர்த் தொட்டிக்கும் நடுவே சிறு காற்று இடைவெளி விட்டு நூற்றார். அந்த இடைவெளியில்தான் இழை இழுபட்டு மெலிகிறது, வலிமையும் ஏறுகிறது. அது இல்லாமல் 1971-இல் கெவ்லார் சந்தைக்கு வந்திருக்காது என்பது என் கருத்து.

இன்னொரு தலைவலியும் இருந்தது. பாலிமரைச் செய்யப் பயன்படுத்திய ஹெக்ஸாமெத்தில் பாஸ்போரமைடு என்ற கரைப்பான் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது 1975-இல் தெரியவந்தது. வேறு கரைப்பானுக்கு மாற வேண்டியதாயிற்று. இதைச் செய்தவர்களின் பெயர்கள் எந்தச் சுவரொட்டியிலும் வராது.

கேள்வி: குண்டு துளைக்காத உடுப்பு இவர் யோசனையா?

இல்லை. அவர் வேலை டயரில் தொடங்கியது. 1970-களில் அமெரிக்க நீதித்துறையின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த லெஸ்டர் ஷுபின் போன்றவர்கள் துணியை அடுக்கிச் சுட்டுப் பார்த்தார்கள். கைத்துப்பாக்கிக் குண்டு நின்றது. துப்பாக்கி ரகம் பெரியதானால் பீங்கான் தகடும் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கார் டயரில் பெரும்பாலும் எஃகுதான் இன்னும் நீடிக்கிறது.

கேள்வி: கோடி கோடியாகச் சம்பாதித்திருப்பாரே?

காப்புரிமை நிறுவனத்துக்குச் சொந்தம், அவருக்கு உரிமத் தொகை கிடையாது. தொழில்துறை ஆய்வகத்தில் சேரும்போது எல்லோரும் கையெழுத்துப் போடுகிற நிபந்தனைதான். 1986-இல் ஓய்வு பெற்றார். டூபாண்டின் லவாய்சியர் பதக்கம் 1995-இல், அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 1996-இல். போர் முடிந்த கையோடு வேலைக்கு வந்த பெண்கள் பலர் சில ஆண்டுகளில் வெளியேறினார்கள். தங்கிய இவருக்கும் பதவி உயர்வு மெதுவாகத்தான் வந்தது. மாடத்தில் பதக்கம் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சம்பளத்தில் அது ஏறியிருக்க வேண்டும் என்பேன்.

கேள்வி: கெவ்லாருக்குக் குறையே இல்லையா மேடம்?

இழுத்தால் சிங்கம், அழுத்தினால் அப்படி இல்லை. நீளவாக்கில் அமுக்கினால் இழைக்குள் மடிப்பு விழும். வெயிலின் புற ஊதாக் கதிர் படப்பட வலிமை குறையும், ஈரத்தையும் உறிஞ்சும். சாதாரணக் கத்தரிக்கோல் இதனிடம் தோற்றுவிடும்.

கேள்வி: நான் பி.எஸ்ஸி. வேதியியல். குவோலெக்கிடம் முனைவர் பட்டம் இல்லையாமே, எனக்கும் அது வேண்டாமா?

அவரிடம் இருந்தது இளங்கலைப் பட்டம் மட்டும்தான், உண்மை. ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். 1946-இல் இளங்கலைப் பட்டதாரிக்குச் சொந்த ஆராய்ச்சியைக் கொடுத்து, பதினைந்து இருபது ஆண்டுகள் பொறுத்திருந்த ஆய்வகங்கள் இருந்தன. இன்று பெரிய நிறுவனங்களில் ஆராய்ச்சித் திட்டம் வகுக்கும் இடத்துக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்கிறார்கள். பட்டம் இல்லாமல் போனால் செய்முறை, தரச் சோதனை, உற்பத்திப் பக்கம் நல்ல வேலைகள் உண்டு. அங்கிருந்து மேலே போனவர்களும் உண்டு, ஆனால் வழி நீளம்.

கேள்வி: அவர் எழுதியதிலேயே ஒன்றை மட்டும் படிக்கச் சொன்னால்?

1972-இல் வந்த அமெரிக்கக் காப்புரிமை 3,671,542. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். முன்பக்கத்துச் சட்ட மொழியைத் தாண்டிவிட்டு நேராக எடுத்துக்காட்டுகளுக்குப் போங்கள். எந்தக் கரைப்பான், எத்தனை சதவீதம், எப்போது கலங்கலாகிறது என்று வரிசையாகப் போட்டிருக்கிறார். புரியாத இடம் இருந்தால் எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், பார்க்கலாம்.