கணினி கேள்வி பதில்: கரண்ட் வந்தும் எழாத சர்வீஸ்

கேள்வி: காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை நடத்துகிறோம். கரண்ட் போய் வந்ததும் விண்டோஸ் சர்வர் தானாக எழுகிறது, பில்லிங் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) மட்டும் எழுவதில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையால் ஸ்டார்ட் கொடுத்தால் ஓடுகிறது. மென்பொருளை மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கையால் கொடுத்தால் ஓடுகிறதே, மென்பொருளில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸுக்குள் சிஸ்டம் பகுதியைத் திறந்து, சர்வர் எழுந்த நேரத்தில் 7009, 7000 என்ற எண்கள் பதிவாகியிருக்கின்றனவா பாருங்கள். இருந்தால், விண்டோஸ் கொடுத்த 30 விநாடிக்குள் சர்வீஸ் பதில் சொல்லவில்லை என்று பொருள். பில் விவரங்கள் இருக்கும் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் பட்டென்று அணைந்திருந்தால், எழுந்ததும் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். அது முடியுமுன் பில்லிங் சர்வீஸ் கதவைத் தட்டுகிறது.

முதலில் சர்வீஸின் ப்ராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் டைப்பை ஆட்டோமேட்டிக் டிலேய்ட் ஸ்டார்ட் ஆக்குங்கள். சுமார் 2 நிமிடம் தள்ளி எழும், பெரும்பாலும் இதுவே போதும். போதாவிட்டால் எஸ்சி கான்ஃபிக் (sc config) கட்டளையால் எஸ்க்யூஎல் சர்வீஸை டிபெண்டன்சியாக, அதாவது முதலில் எழ வேண்டிய சர்வீஸாகச் சேர்க்கலாம். டிபெண்ட் (depend) என்ற சொல்லை ஒட்டிச் சமக்குறி, அதன்பின் ஓர் இடைவெளி, பிறகுதான் பெயர். பட்டியலில் தெரியும் டிஸ்ப்ளே நேம் அல்ல, ப்ராப்பர்ட்டீஸில் உள்ள சர்வீஸ் நேம். ஏற்கெனவே இருக்கும் டிபெண்டன்சிகளை இது அழித்துவிடும், அவற்றையும் சேர்த்தே எழுதுங்கள். கட்டளையைக் கமாண்ட் பிராம்ப்ட்டில், அட்மினிஸ்ட்ரேட்டராக அடியுங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் எஸ்சி என்பது கோப்பில் எழுதும் வேறு கட்டளை!

அதே ப்ராப்பர்ட்டீஸின் ரெக்கவரி டேபில் ரீஸ்டார்ட் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஓடிக்கொண்டிருந்து விழுந்த சர்வீஸைத்தான் அது எழுப்பும், எழவே எழாததை அல்ல. யூபிஎஸ் பேட்டரி தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் டேட்டாபேஸே ஒருநாள் கெடும்.

கேள்வி: கானாடுகாத்தானில் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கியிருக்கிறோம். பேக்கப் சர்வீஸ் 1069 என்று காட்டி நிற்கிறது.

பதில்: 1069 என்றால் சர்வீஸ் தன் கணக்கில் லாக் ஆன் ஆக முடியவில்லை என்று பொருள். அந்தச் சர்வீஸ் எந்தக் கணக்கில் ஓடுகிறதோ, அதன் பாஸ்வேர்டை யாராவது மாற்றினார்களா என்று கேளுங்கள். சர்வீஸின் ப்ராப்பர்ட்டீஸில் லாக் ஆன் டேபில் புதியதை இரண்டு இடத்திலும் அடித்து ஸ்டார்ட் கொடுங்கள். ஈவென்ட் வியூவரில் 7041 இருந்தால் பாஸ்வேர்டு பிரச்சினை இல்லை. அந்தக் கணக்குக்கு 'லாக் ஆன் ஆஸ் எ சர்வீஸ்' உரிமை பறிபோயிருக்கிறது. லாக் ஆன் டேபில் கணக்கை மறுபடி பதிந்தால் உரிமை திரும்பும், ஆனால் டொமைனின் குரூப் பாலிசி (நெட்வொர்க் கணினிகளுக்கெல்லாம் பொதுவாக வைக்கும் விதிகள்) அதை எடுத்துவிட்டிருந்தால் சில மணி நேரத்தில் பழைய கதைதான். பாலிசியிலேயே கணக்கைச் சேர்க்க வேண்டும்.