ஐ லவ் லூசி: கறுப்பு-வெள்ளையா, கலரா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். லூசில் பால் நடித்த ‘ஐ லவ் லூசி’ என்ற அமெரிக்க டிவி நகைச்சுவைத் தொடரின் டிவிடி வாங்க ஆசை. கலர் ஏற்றிய டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது. கறுப்பு-வெள்ளை முழுத் தொகுப்பு விலை அதிகம். 70 வருஷப் பழைய தொடருக்கு அவ்வளவு கொடுக்கலாமா? ஊரில் அம்மாவுக்கும் ஒன்று எடுத்துப்போகலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். கறுப்பு-வெள்ளையையே வாங்குங்கள். கலர் டிஸ்க்கில் இருப்பவை பொறுக்கியெடுத்த சில எபிசோடுகள்தான். தொடரோ 1951 முதல் 1957 வரை 180 எபிசோடு வந்தது.

படம் மங்கலாக இருக்குமோ என்ற பயமே வேண்டாம். அன்று பல அமெரிக்க டிவி நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போயின. தூரத்து ஊர்க்காரர்களுக்கு, டிவி திரையைப் படம்பிடித்த மங்கல் பிரதிதான் கிடைக்கும். லூசிலும் கணவர் டெசி ஆர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு வர மாட்டோம் என்று நின்றார்கள். பார்வையாளர்களை எதிரே உட்காரவைத்து, மூன்று கேமராவில், சினிமாவுக்கான 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தார்கள். அதனால்தான் படம் தெளிவு. செலவு கூடியதால் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்கு ஃபிலிமின் உரிமையைத் தங்கள் டெசிலூ கம்பெனிக்கு வாங்கிக்கொண்டார்கள். என்ன துணிச்சல் பாருங்கள்! 1957இல் அந்த டெசிலூ, ஆர்.கே.ஓ. என்ற சினிமா ஸ்டுடியோவின் இடங்களையே வாங்கியது. 1930களில் அங்கே ஒப்பந்த நடிகையாகச் சின்னச் சின்ன வேடம் போட்டவர் லூசில்.

தொடர் ஆரம்பித்தபோது அவருக்கு வயது 40. அழகி என்று பெயர் வாங்கியவர், முகத்தைக் கோணி, விழுந்து புரண்டு சிரிக்கவைத்தார். 1952இல் வந்த சாக்லேட் ஃபேக்டரி எபிசோடை முதலில் போடுங்கள். பெல்ட்டில் சாக்லேட் வருகிறது. லூசியும் (லூசில் போடும் வேடம்) தோழி எத்தலும் ஒவ்வொன்றாகத் தாள் சுற்ற வேண்டும். பெல்ட் வேகமெடுக்கிறது. மிஞ்சியதை லூசி வாயில் திணிக்கிறார், தொப்பிக்குள் போடுகிறார், சட்டைக்குள் தள்ளுகிறார். மேற்பார்வைக்காரி வந்து, ஒன்றும் மிச்சமில்லை என்று பாராட்டி, இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறார். அப்போது வாய் நிறைய சாக்லேட்டோடு லூசில் முழிக்கும் முழிக்கே கொடுத்த காசு சரியாகிவிடும். இங்கே வசனமே தேவையில்லை. ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாத அம்மாவும் ரசிப்பார்.

சரி, ஊருக்கு எடுத்துப்போகும் விஷயம். எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்று டிவிடிக்கு ஓர் எண் உண்டு, அதுதான் ரீஜன். அமெரிக்க டிவிடி ரீஜன் 1, இந்தியாவுக்கு ரீஜன் 5. ஊரில் உள்ள பிளேயர் எல்லா ரீஜனையும் எடுக்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் டிஸ்க் போட்டதும் பிழைச் செய்திதான் வரும். லேப்டாப்பில் ரீஜனை மாற்றலாம், ஆனால் பொதுவாக ஐந்து முறைதான். அப்புறம் கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும்.

வாங்கும்போது அட்டையில் ஆறு சீசனும் இருக்கிறதா பாருங்கள். 1957க்குப் பிறகு அதே பாத்திரங்களோடு ஒரு மணி நேர நிகழ்ச்சிகள் 13 வந்தன. சில தொகுப்புகளில் அவையும் உண்டு. விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் அதையே எடுங்கள். ஒருவர் பயன்படுத்திய பழைய தொகுப்பு என்றால், கீறல் இருக்கிறதா என்று பார்க்க, டிஸ்க்குகளின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.