கோகலின் ‘மூக்கு’: பதவியைப் பாருங்கள்

ரஷ்ய எழுத்தாளர் கோகலின் ‘மூக்கு’ கதையில் கோவல்யோவ் என்ற அரசு அதிகாரியின் மூக்கு காணாமல் போய், தனி ஆளாக நகரில் உலாவுகிறது. அது ஏன் காணாமல் போனது, எதையாவது தவறவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குக் கதையில் பதிலே கிடையாது; நீங்கள் எதையும் தவறவிடவில்லை. அங்கதம் இருப்பது மூக்கின் பதவியில்.

கதையை விடுகதையாக எடுத்துக்கொண்டதால்தான் சிக்கிக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். ரஷ்ய மன்னர் மகா பீட்டர் 1722இல் அரசுப் பணியை 14 படிகளாக அடுக்கினார்; எண் குறையக் குறையப் பதவி உயரும். கோவல்யோவ் 8ஆம் படி. அவனுடைய மூக்கோ 5ஆம் படிக்குரிய சீருடையில் வருகிறது! சொந்த மூக்கிடம் போய்ப் பேசவே அவனுக்குத் தயக்கம். முகம் வழவழவென்று வெறுமையாகிவிட்ட நேரத்திலும் பதவி பயம் போகவில்லை பாருங்கள், எத்தனை முறை படித்தாலும் இந்த இடம் என்னை உலுக்கும்.

கோவல்யோவ் மூக்கைச் சந்திக்கும் தேவாலயக் காட்சியை மட்டும் மறுபடி படியுங்கள். அவன் எங்கெங்கே கூசுகிறான் என்று பென்சிலால் கோடு போடுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் இந்தப் பதவி விளக்கத்துக்குள் அடக்காதீர்கள். கதைத் தொடக்கத்தில் முடிதிருத்துபவருக்கு ரொட்டிக்குள் மூக்கு கிடைப்பது வெறும் விசித்திரமாகவே இருக்கட்டும்.