ஸ்க்ரோல் சா இயந்திரத்தில் பிளைவுட் அறுப்பு: பினாங்கு அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பிறை): ஐயா, தைப்பூசக் காவடிக்காக 6 மில்லிமீட்டர் மெராந்தி பிளைவுட்டில் மயில் உருவம் அறுக்கிறேன். மேற்புறம் சுத்தமாக வருகிறது. அடிப்புறம் சிலாம்பு சிலாம்பாகப் பிய்ந்து நிற்கிறது.

பதில்: ஸ்க்ரோல் சாவில் மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடினாலும், கீழே இறங்கும்போதுதான் மரத்தை அறுக்கிறது, ஆகவே பல் வெளியேறும் அடிப்புறத்தில், தாங்கிப் பிடிக்க ஏதுமில்லாத மெல்லிய முகப்பு அடுக்கு பிய்ந்துவிடுகிறது. இழைக்குக் குறுக்கே செல்லும் இடங்களில் இது அதிகம் என்பதைத் தோகையைத் திருப்பிப் பார்த்தால் நீங்களே காண்பீர்கள். அடிப்பகுதியில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கித் திரும்பியிருக்கும் பிளேடைக் கேட்டு வாங்குங்கள். பொருத்தியபின், மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பிளேடைக் கையால் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். அப்போது திரும்பிய பற்களில் இரண்டு மூன்று மேசைக்கு மேலே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவை மரத்தைத் தொடுவதே இல்லை. பலர் நல்ல பிளேடை வாங்கியும் பயன் காணாமல் போவது இந்த ஒரு காரணத்தால்தான்.

அடுத்து, மேசையின் நடுத்துளையைப் பாருங்கள். அது அகலமாக இருந்தால், 3 மில்லிமீட்டர் துண்டுப் பலகையில் பிளேடு நுழையும் அளவுக்கு மட்டும் துளையிட்டு மேசைமீது ஒட்டிவிடுங்கள். முகப்பு அடுக்குக்கு அதுவே தாங்கலாகும். காவடியின் இரு பக்கங்களுக்கும் ஒரே உருவம் தேவைப்படுவதால், இரண்டு பலகைகளை இருபக்க ஒட்டுநாடாவால் இணைத்து, அடியில் ஒரு கழிவுப் பலகையையும் சேர்த்து அறுத்தால், பிய்ச்சலைக் கழிவுப் பலகை வாங்கிக்கொள்ளும். தூசியில் மரத்தோடு பசையும் கலந்திருக்கிறது. முகக்கவசம் இல்லாமல் அறுக்காதீர்கள்.

கேள்வி (ஜெலுத்தோங்): கோட்டின்மேல் நேராகத் தள்ளினாலும் பிளேடு ஒரே பக்கமாக இழுக்கிறது. இயந்திரம் பழுதா?

பதில்: பழுதில்லை. பல பிளேடுகளில் தயாரிப்பின்போதே ஒரு பக்கத்தில் நுண்ணிய பிசிறு தங்கிவிடும். அந்தப் பக்கம் கூடுதலாக அறுபடும். பலகையை மேசைமீது சற்றே பக்கவாட்டில் திருப்பித் தள்ளப் பழகுங்கள். இழுவிசை தளர்ந்திருந்தால் விலகல் பெருகும். பிளேடைச் சுண்டினால் தெளிவான உயர்ந்த ஒலி கேட்க வேண்டும்.

கேள்வி (பட்டர்வொர்த்): விளிம்பு கருகிவிடுகிறது அண்ணா.

பதில்: பிளைவுட்டின் பசை பல்லை விரைவில் மழுங்கடிக்கும், தம்பி. பிளேடை மாற்றுங்கள்; ஒரு படி பெரிய பல்லுள்ளதை எடுங்கள்; வேகத்தைக் குறையுங்கள்; கோட்டின்மேல் ஒளிபுகும் பெட்டி ஒட்டுநாடாவை ஒட்டுங்கள், அது உராய்வைக் குறைக்கும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): இத்தனை சிரமம் எதற்கு? சுற்றிலும் பல் உள்ள முறுக்குப் பிளேடு போட்டால் பலகையைத் திருப்பவே வேண்டாமே. எங்கள் காவடிக் குழுவில் அனைவரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

பதில்: எல்லாத் திசையிலும் அறுக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் வெட்டுத்தடம் அகலமானது, கூர்முனை உருண்டுவிடும், விளிம்பு சொரசொரப்பாகும். தோகைக் கண்ணின் கூர்மையை அதில் பெற முடியாது.

கேள்வி (மீண்டும் ஆயர் ஈத்தாம்): என் இயந்திரத்தில் பிளேடிலிருந்து பின்தூண்வரை 16 அங்குலந்தான் இடைவெளி. மூன்றடிப் பலகையை எப்படித் திருப்புவது? தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் காவடியைப் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்குக் கூர்முனை தெரியவா போகிறது?

பதில்: முதல் வாதத்தை முழுமையாக ஏற்கிறேன், திருப்ப இடமில்லாத பலகையைப் பிரிக்காமல் முழுதாக அறுக்க முறுக்குப் பிளேடே வழி. இரண்டாவதை ஏற்க மாட்டேன். காவடியைத் தூக்குபவரும் அவரோடு நடக்கும் குடும்பத்தாரும் அதை மிக அருகிலிருந்து பார்க்கிறார்கள். மேலும், சொரசொரப்பான விளிம்பில் வண்ணம் சீராகப் படியாது. உப்புத்தாளால் தேய்க்கப் போனால் மெராந்தியின் முகப்பு அடுக்கே உரிந்துவிடும். உருவத்தை நான்கு துண்டுகளாகப் பிரித்து, இணைப்புகளைத் தோகைக் கோடுகளுக்குள் மறைத்து, தட்டைப் பிளேடால் அறுத்துச் சேர்ப்பதையே பரிந்துரைக்கிறேன்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜம்): நானும் முறுக்குப் பிளேடு பக்கந்தான். ஆனால் உருவத்தின் உட்பகுதியை அறுத்தெடுக்கும் உள்வெட்டுக்கு, பிளேடை நுழைக்க எவ்வளவு துளை இட வேண்டும்?

பதில்: பக்கம் சேர்வதற்கு முன் இரண்டாலும் ஒரே உருவத்தை அறுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். முனையில் குறுக்கு ஊசியுள்ள பிளேடுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் துளை தேவை. ஊசியில்லாத 5ஆம் எண் தட்டைப் பிளேடுக்கு ஒன்றரை மில்லிமீட்டரே போதும். உள்வெட்டுகளை முதலிலும் வெளிக்கோட்டைக் கடைசியிலும் அறுங்கள்.

கேள்வி (சுங்கை ஆரா): எந்த இயந்திரம் வாங்கலாம்?

பதில்: இது அறுப்புச் சிக்கல்களுக்கான பகுதி, கடைக்காரரிடம் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (நிபோங் தெபால்): எனக்கும் விளிம்பு கருகுகிறது.

பதில்: பட்டர்வொர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். முகக்கவசத்தை மறவாதீர்கள், கருகும் பசையின் புகையை இத்தகைய கவசம் முழுவதும் தடுக்காது என்பதால் சன்னலையும் திறந்து வையுங்கள்.

கேள்வி (பாயான் பாரு): அறுத்த துண்டு ஒரு பக்கமாக மட்டுமே கழன்று வருகிறது, மறுபக்கம் சிக்குகிறது.

பதில்: விளிம்பு சரிவாக அறுபட்டிருக்கிறது. தடித்த கட்டையில் சிறிது அறுத்து நிறுத்தி, கட்டையைச் சுற்றிக் கொண்டுபோய் அதே தடத்தை பிளேடின் பின்புறத்தில் செருகிப் பாருங்கள். தடையின்றி நுழைந்தால் மேசை செங்கோணத்தில் உள்ளது. குற்றம் தளர்ந்த பிளேடிலோ, பக்கவாட்டில் அழுத்தும் கையிலோ இருக்கும். நுழையாவிட்டால் மேசையைச் சரிசெய்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.