அக்ரிலிக் ஓரத்தை என்ன செய்வது? விளக்குத் தாங்கி செய்பவர்களின் கேள்விகள்

கே: வண்டியில் கூடுதல் விளக்கு மாட்ட 5 மி.மீ. அக்ரிலிக்கில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு) தாங்கி வெட்டினேன். ஜிக்சா (மின் ரம்பம்) போன ஓரம் வரி வரியாக இருக்கிறது. எந்த நம்பர் உப்புத்தாளில் ஆரம்பிக்க?

ப: தாளை அப்புறம் எடுக்கலாம். பழைய ஹேக்சா பிளேடின் முதுகை ஓரத்தின் மேல் நிமிர்த்திப் பிடித்து ஒரே பக்கமாக இழுத்துச் சுரண்டுங்கள். மெல்லிய சுருளாக உரிந்து வரும், அரைமணி நேரத் தேய்ப்பு மிச்சம். அதன்பின் வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) 220, 400, 600, 1000 என்று, மரக்கட்டையில் சுற்றி, தண்ணீர் தொட்டு. வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் ஓரம் உருண்டுபோகும். ஒரு தாளின் கோடு முழுக்க மறையாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள், அதையும் துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள், ஏனென்றால் ஈரத்தில் எல்லாமே பளபளவென்றுதான் தெரியும். கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட் (பாலிஷ் பசை). முகப்பில் ஒட்டியிருக்கும் படலத்தை அதுவரை உரிக்க வேண்டாம்.

கே: தாங்கி பம்பருக்குப் பின்னால் மறைந்துவிடும். பாலிஷ் தேவையா?

ப: பளபளப்பு வேண்டாம், 400 வரை கட்டாயம் வேண்டும். வண்டி அதிரும்போது விரிசல் கிளம்புவது ஓரத்தில் விட்டுவைத்த கீறலிலிருந்துதான். உள்மூலை இருந்தால் அங்கே கூராக வெட்டாமல் முதலில் ஒரு துளை போட்டு வளைவாக விடுங்கள்.

கே: கேஸ் டார்ச்சால் ஓரத்தை ஊதினால் ஒரு நிமிட வேலை என்கிறார்களே?

ப: ஒரு நிமிட வேலைதான், நானும் மயங்கியவன். ஊதினேன், கண்ணாடி மாதிரி வந்தது, கைரேகையை எடுக்கலாமென்று ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஓரம் முழுக்க மயிரிழை விரிசல், வெளிச்சத்தில் சாய்த்தால் வெள்ளி நூல் மாதிரி மின்னியது. மேல்தோல் மட்டும் உருகிச் சட்டென்று ஆறுவதால் உள்ளே இறுக்கம் தங்கிவிடுகிறது, ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல் எது பட்டாலும் அது வெடிப்பாக வெளியே வரும். லேசர் வெட்டு ஓரத்துக்கும் இதே கதைதான். 80 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிட்டால் இறுக்கம் தளரும். அந்த வசதி இல்லையென்றால் டார்ச்சை மறந்துவிடுங்கள். துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும்.

கே: ஓரம் நன்றாக இருக்கிறது, ஆனால் போல்ட்டு துளையில் பிளந்துவிட்டது.

ப: துளை இறுக்கமாக இருந்திருக்கும். அக்ரிலிக் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.07 மி.மீ. நீளும், 30 செ.மீ. பட்டை 40 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 0.8 மி.மீ. நகரப் பார்க்கும். 5 மி.மீ. போல்ட்டுக்கு 6 மி.மீ. துளை, இருபக்கமும் ரப்பர் வாஷர், நைலான் பூட்டு நட்டு. நட்டு கழலாமலிருக்க ஊற்றும் திரவப் பசை வேண்டவே வேண்டாம், அதுவும் அக்ரிலிக்கை வெடிக்கவைக்கும்.

கே: எல்இடி பட்டையை ஓரத்தில் வைத்துத் தாங்கியையே ஒளிரவைக்க ஆசை.

ப: ஒளி நுழையும் ஓரத்தை நன்றாகப் பாலிஷ் செய்யுங்கள், ஒளிர வேண்டிய ஓரத்தை 400-லேயே நிறுத்துங்கள். மங்கலான ஓரம்தான் ஒளியைச் சிதறவிட்டு ஒரே சீராக மிளிரும்.

கே: ஹாலஜன் விளக்கு மாட்டலாமா?

ப: வேண்டாம். 100 டிகிரியை நெருங்கினாலே அக்ரிலிக் தளர ஆரம்பிக்கும். அதற்கு அலுமினியப் பட்டையை வளைத்துக்கொள்ளுங்கள்.