தடுப்பூசி போட்ட குழந்தைக்கும் தட்டம்மை வருவது ஏன்?

கேள்வி: ஒரு கிராமத்தில் தட்டம்மை பரவியபோது, நோயுற்ற குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் என்று ஆய்வில் தெரியவந்ததாகப் படித்தேன். அப்படியானால் தடுப்பூசியால் பயனில்லை என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. நோயுற்றவர்களை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். நோய் வராத குழந்தைகளையும் சேர்த்து எண்ணினால்தான் உண்மை புலப்படும். ஒரு கிராமத்தில் 200 குழந்தைகள் இருப்பதாகவும், அவர்களில் 180 பேர் ஒரு தவணை போட்டுக்கொண்டதாகவும், 20 பேர் போடாமல் விடுபட்டதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். போட்டவர்களில் 27 பேருக்கும் போடாதவர்களில் 18 பேருக்கும் தட்டம்மை வந்தால், நோயுற்ற 45 பேரில் பெரும்பான்மையினர் தடுப்பூசி போட்டவர்களே. ஆனால் போட்டவர்களில் நோய் கண்டவர்கள் நூற்றுக்கு 15 பேர். போடாதவர்களில் நூற்றுக்கு 90 பேர். செய்தியில் விடுபட்டுப்போவது இந்த ஒப்பீடுதான்.

அந்த 27 குழந்தைகளுக்கு ஏன் வந்தது என்பதையும் ஆய்வாளர்கள் விட்டுவிடுவதில்லை. ஒன்பதாம் மாதத்தில் போடும் முதல் தவணை ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கே பாதுகாப்புத் தருகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்கள் சில குழந்தைகளின் உடலில் அப்போதும் எஞ்சியிருந்து தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுப்பது இதற்கு ஒரு காரணம். இரண்டு தவணையும் போட்டால் பாதுகாப்பு 97 விழுக்காட்டை எட்டும். வீடுவீடாகச் சென்று தடுப்பூசி அட்டைகளை வாங்கி, நோயுற்ற குழந்தைகளுக்கு ஊசி போட்ட தேதிகளை வரிசையாக எழுதும்போது, ஒரே நாளின் தேதி திரும்பத் திரும்ப வந்தால், அன்று மருந்து உரிய குளிரில் இருந்ததா, கலக்கிய குப்பியை ஆறு மணி நேரத்துக்குப் பிறகும் பயன்படுத்தினார்களா என்று விசாரிப்பார்கள்.

அட்டைக்கு அடுத்தபடியாக அவர்கள் கேட்பது, தடிப்பு எந்த நாளில் தோன்றியது என்பது. அதிலிருந்து 10 முதல் 14 நாள் பின்னோக்கிச் சென்று, குழந்தை அப்போது எங்கே இருந்தது, யாரோடு இருந்தது என்று தேடினால் நோய் வந்த வழி பெரும்பாலும் கிடைத்துவிடும். இந்த முறைக்கு வயது அதிகம். 1846-இல் ஃபாரோ தீவுகளின் சிற்றூர்களில் தட்டம்மை பரவி, ஏறத்தாழ 7,800 பேரில் 6,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது, பீட்டர் லுட்விக் பானும் என்ற இளம் டென்மார்க் மருத்துவர் ஊர் ஊராகச் சென்று தேதிகளைக் குறித்தே, தொற்றுக்கும் தடிப்புக்கும் இடையே சுமார் இரண்டு வாரம் ஆவதைக் காட்டினார். 1781-இல் தட்டம்மை கண்டு பிழைத்த முதியவர்களுக்கு அது மறுபடி வரவில்லை என்பதையும் அவரே பதிவு செய்தார்.

ஊர்ப்புறங்களில் ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் நான் முதலில் வைப்பது, தடுப்பூசி நாளில் ஊரிலேயே இல்லாத குடும்பங்களை: வேலை தேடி இடம்பெயர்பவர்கள், நடந்தே வரவேண்டிய தொலைவில் தனித்துக் குடியிருப்பவர்கள். பதிவேட்டில் பெயரே இல்லாததால் அவர்களின் குழந்தைகள் விடுபட்டதும் கணக்கில் தெரிவதில்லை. நெரிசலான வகுப்பறையும், காய்ச்சல் குழந்தைகளோடு மற்றவர்களும் காத்திருக்கும் மருத்துவமனைக் கூடமும் அடுத்தவை. நோயாளி வெளியேறிய பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். சத்துக்குறைவும் வைட்டமின் ஏ பற்றாக்குறையும் நோயைக் கடுமையாக்குகின்றன.

உங்கள் ஊரில் இப்போது நோய் பரவுகிறது என்றால், நோயாளியோடு பழகிய 72 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசிகூட நோயைத் தடுக்கவோ தணிக்கவோ கூடும். ஆகவே அட்டையை எடுத்து இரண்டாம் தவணைக் கட்டத்தில் தேதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.